நான்காவது அச்சம்

பேய்க்கதை என்றதும் முகஞ் சுளிப்பது எம்மிற் பலருக்கு வழக்கம். இலக்கியத் தரம் பற்றி ஓயாது பேசும் நண்பர்களே இதில் முன்னிற்பவர்கள். அவர்களது தலையணைக்கு அடியில் இரவு பதினொரு மணிக்கு எந்தப் புத்தகம் கிடக்கிறது என்பதை நாம் விசாரிக்காமல் விடுவதே நாகரிகம். பயங்கரத்தைக் காசு கொடுத்து வாங்கி, நடுங்கி, பின் சிரித்துக்கொண்டு வீடு திரும்பும் ஆசை மனிதருக்கு இயல்பானது. ஆகவே மக்கள் ஏன் பயப்பட விரும்புகிறார்கள் என்ற ஆராய்ச்சியை விட்டு, எதைக் கண்டு பயப்படுமாறு அவர்கள் பழக்கப்படுகிறார்கள் என்று கேட்பதே பயனுடைத்து.

இக்கேள்வியைக் கேட்பதற்குப் பாரிஸ் மாநகர் மிகப் பொருத்தமான இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு கூட்டத்தை ஈர்த்த காட்சிகளுள் ஒன்று, பிணவறை. அடையாளந் தெரியாத சடலங்களை இனங்காண்பதற்கெனக் கண்ணாடிக்குப் பின்னே கிடத்தி, பொதுமக்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தனர். இனங்காண வேண்டியவர் எவருமில்லாத பெருங்கூட்டமே நாள்தோறும் உள்ளே நுழைந்தது. கட்டணமில்லாத இக்களியாட்டத்தை எமில் சோலா தமது 'தெரேஸ் ரக்கன்' நாவலில் (1867) விவரித்திருக்கிறார். 1907இல் அக்கதவு மூடப்பட்டது. இதற்கிடையில் மொன்மார்த்தர்ப் பகுதியில், 1892 அளவில், 'சூனியம்' எனப் பொருள்படும் பெயருடன் ஒரு மதுச்சாலை தோன்றியது. அங்கு சவப்பெட்டிகளே மேசைகள். பரிமாறுவோர் சவ அடக்கஞ் செய்வோரின் உடையணிந்திருந்தனர். பானங்களுக்கு நோய்களின் பெயர்கள். நோயை விலைக்கு வாங்கிக் குடிக்கும் வசதியும் சிலருக்கு வாய்த்திருந்தது!

இச்சூழலில், 1897இல் ஒஸ்கார் மெத்தெனியே என்பவர், பழைய சிற்றாலயமொன்றில் 'கிராண்ட் கின்யோல்' என்னும் நாடக அரங்கைத் தொடக்கினார். முந்நூறு பேர்கூட அமர முடியாத மண்டபம் அது. மேலே இரண்டு மரத் தேவதைகள். பின்னாளில் கீழே நடந்தவற்றைப் பார்த்தும் அவை பறந்து போகாதது வியப்பே. கின்யோல் என்பது லியோன் நகரப் பொம்மலாட்டப் பாத்திரமொன்றின் பெயர். பட்டுத் தொழிலாளியாயிருந்து, பின் பல் பிடுங்கிப் பிழைத்த லோரான் மூர்கே என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய அப்பொம்மை, வீட்டுக்காரனையும் பொலிஸ்காரனையும் தடியால் அடித்து ஏழைகளைச் சிரிக்கவைத்தது. மெத்தெனியேயும் அம்மரபையொட்டியே தொடங்கினார். பொலிஸ் அதிகாரியொருவரின் செயலாளராக வேலைபார்த்தவராதலால், சட்டத்தின் அடியில் நசுங்கியோரை அவர் நேரிற் கண்டிருந்தார். தெருவில் வாழ்வோரையும் விலைமாதரையும் அவர்களது பேச்சிலேயே மேடையேற்றினார். மோபசானின் கதையொன்றைத் தழுவிய நாடகம் தணிக்கையாளரின் தடைக்கும் உள்ளாயிற்று. அந்நாளில் அவ்வரங்கின் பயங்கரம் வறுமையே.

அடுத்த ஆண்டே அரங்கு மாக்ஸ் மோரே என்பவரின் கைக்கு மாறியது. இவர் தேர்ந்த வியாபாரி. மயங்கி விழுந்தோரின் தொகையைக் கொண்டு நாடகத்தின் வெற்றியை அளந்தார். அரங்குக்கென ஒரு வைத்தியரையும் அமர்த்திக்கொண்டார். எமது விமர்சகர்களுக்கு இத்துணைத் தெளிவான அளவுகோல் கிட்டாமற் போயிற்றே! ஒரே இரவில் பயங்கர நாடகம், நகை நாடகம், மீண்டும் பயங்கரம் என்று வெந்நீரும் தண்ணீரும் மாறிமாறித் தலையில் ஊற்றப்பட்டன. 1917 முதல் இங்கு நடித்த பௌலா மக்ஸா என்ற நடிகை, உலகிலேயே மிக அதிகமான தடவைகள் கொலையுண்ட பெண் எனப் புகழ்பெற்றார். குத்தப்பட்டும் நஞ்சூட்டப்பட்டும் இறந்த அவர், மறுநாள் மாலை வழக்கம்போல் வேலைக்கு வந்தார்.

அரங்கின் தலைசிறந்த நாடகாசிரியர் அந்திரே த லோர்த், தொழிலால் நூலகர். அவருடன் சேர்ந்து எழுதியவர்களுள் ஒருவர் அல்பிரட் பினே. 1905இல் சிமோனுடன் சேர்ந்து நுண்மதிச் சோதனையை வகுத்தவர் என்று ஆசிரியர் கலாசாலைகளிற் படிக்கப்படும் அதே பினேதான்! த லோர்த்தின் 'சல்பெத்ரியேரில் ஒரு பாடம்' 1908இல் மேடையேறியது. சல்பெத்ரியேர், ஏழைப் பெண்கள் நோயாளிகளாக அடைந்துகிடந்த பெரிய வைத்தியசாலை. பேராசிரியர் ஷார்க்கோ நோயாளிப் பெண்களை மண்டபத்தில் நிறுத்திப் பாடம் நடத்தியது அங்கேதான். நாடகத்தில், பயிற்சி வைத்தியன் ஒருவன் செய்த பரிசோதனையால் ஒரு பெண்ணின் கை செயலிழக்கிறது. அவள் முறையிடுகிறாள், பேராசிரியர் நம்பவில்லை. இறுதியில் அவள் அவனது முகத்தில் அமிலத்தை வீசுகிறாள். சனங்கள் சீட்டு வாங்கியது அமிலத்துக்காக. ஆனால் கற்றோர் நிறைந்த மண்டபத்தில் ஓர் ஏழைப்பெண்ணின் சொல்லை நம்ப ஒருவருமில்லை என்பதே நாடகத்தின் பெரிய பயங்கரம்.

தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காக எண்ணினார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் எந்த வியாபாரிக்கும் உகந்தவை. பேயும் ஓநாயும் கொலைகாரனும் மானநட்ட வழக்குத் தொடரமாட்டா. நான்காவது, ஆள்வோரிடத்துப் பிறக்கும் அச்சம். அதைத் தொட்டால் தணிக்கையாளர் வருவார் என்பதை மெத்தெனியே அனுபவித்தார். சல்பெத்ரியேர் நாடகம் அதை வைத்தியசாலைக்குள் கண்டது. ஆயினும் அரங்கு அங்கு நிலைத்து நிற்கவில்லை. த லோர்த்தும் பினேயும் எழுதி, பினே மறைந்து பல்லாண்டுகளின் பின் 1925இல் மேடையேறிய நாடகமொன்றில், மனநோய் விடுதியில் வாழும் பெண்கள் ஓர் இளம்பெண்ணின் கண்களைத் தோண்டுகிறார்கள். முன்னர் நீதி கேட்ட நோயாளி இப்போது அரக்கியாகிவிட்டாள். அணங்கின் இடத்தில் அபலை நிறுத்தப்பட்டாள்.

இது வெறும் மேடை விவகாரம் என்று தள்ளிவிட முடியுமா? 1940, 1941ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியின் நாசி அரசு மனநோயாளரும் அங்கவீனருமான 70,000க்கு மேற்பட்டோரை நச்சுவாயுவால் கொன்றது. ஒரு பாரிஸ் நாடகம் இதற்குக் காரணமென்பது பேதைமை. ஆனால் நோயாளியைக் கண்டு சமூகம் நடுங்கவேண்டும் என்று மேடை கற்பித்த காலத்தில், நடுங்கவேண்டியிருந்தவர் நோயாளியே. அவரைக் கொன்றவர்களுக்குக் கோரைப்பல் இல்லை. கோப்புகளும் முத்திரைகளும் இருந்தன.

கிராண்ட் கின்யோல் 1962இல் மூடப்பட்டது. வண்ண இரத்தத்தைத் திரையிற் கொட்டத் தொடங்கியிருந்த சினிமாவும் அதற்கொரு காரணம். கடைசி இயக்குநர் ஷார்ல் நோனோன் இன்னொரு காரணம் சொன்னார்: போருக்கு முன்பு, மேடையில் நடப்பது நடவாத காரியம் என்று மக்கள் நம்பினர், புகன்வால்ட் வதைமுகாமை அறிந்தபின் அந்நம்பிக்கை போயிற்று, அதனோடு தம் அரங்கு போட்டியிட முடியாது. நான்காவது அச்சத்தை ஒதுக்கி வைத்திருந்த அரங்கை அதுவே மூடிவைத்தது எனலாம்.

ஆதலின் மாணவன் கையிலுள்ள பேய்க்கதையைப் பறிப்பதில் எமக்கு உடன்பாடில்லை. பறித்த ஆசிரியர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிப்பார் என்பதும் நாம் அறிந்ததே. வகுப்பிலேயே சேர்ந்து படிக்கலாம், நன்றாகப் பயப்படலாம், சிரிக்கலாம். படித்து முடித்தபின், இக்கதையில் அரக்கனாக்கப்பட்டவன் யார், அவனைக் கண்டு நாம் நடுங்கிக்கொண்டிருக்கையில் யார் எம் கண்ணிற் படாமற் போகிறார் என்று மாணவரைக் கேட்போமாக.