பயிற்றுமொழி வழக்கும் வகுப்பறைத் தேவையும்

மாறிவரும் உலகிற்கேற்பக் கல்வி மாறவேண்டும் என்னும் கருத்து, கர்நாடகத்தில் பெரும்பாலும் ஆங்கிலவழிக் கல்வி வேண்டும் என்னும் கோரிக்கையாகவே பொருள்கொள்ளப்படுகிறது. இவ்விரண்டும் ஒன்றா என்பது ஆராயத்தக்கது.

1994 ஏப்ரல் 29ஆம் நாளிட்ட மாநில அரசாணை, முதல் நான்கு வகுப்புகளில் தாய்மொழியோ கன்னடமோ பயிற்றுமொழியாதல் வேண்டும் என்றது. ஐந்தாம் வகுப்பு முதல் ஆங்கிலத்திற்கு மாற இசைவளித்தது. தாய்மொழிவழியை அரசு கட்டாயமாக்க இயலாது என 2014 மே 6இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரே முடிவு செய்வர் என்றும் கூறியது. 2019-20 கல்வியாண்டில் அரசே ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் தொடங்கியது.

பெற்றோரின் விருப்பம் புறக்கணிக்கத்தக்கதன்று. பெங்களூரில் ஆங்கிலம் வேலைவாய்ப்போடு இணைந்த மொழி. எனினும், ஆங்கிலத்தைக் கற்பதும் ஆங்கிலத்தின் வழியே அனைத்தையும் கற்பதும் வேறு வேறானவை. இவ்வேறுபாடு வாதங்களில் மங்கிவிடுகிறது.

மேலும், அரசாணை, தீர்ப்பு ஆகிய இரண்டும் குழந்தைக்கு ஒரு தாய்மொழியையே கருதுகின்றன. சட்டத்திற்கு அது போதும், மொழியியலுக்குப் போதாது. பெங்களூர்த் தமிழ்க்குழந்தை வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசுகிறது. எந்த மொழியில் எதனை அறிந்திருக்கிறது என்பதே ஆசிரியருக்கு வேண்டிய செய்தி.

கலைச்சொற்கள் இதனைத் தெளிவாக்கும். தமிழில் 'ஆவியாதல்', கன்னடத்தில் 'ஆவியாகுவிகெ': 'ஆவி', 'ஆகு' ஆகிய இரண்டும் இருமொழிக்கும் பொது. தமிழறிந்த குழந்தை இச்சொல்லை எளிதில் கடக்கும். ஆனால் 'ஒளிச்சேர்க்கை'யிலிருந்து 'த்யுதிசம்ஸ்லேஷணெ'க்குச் செல்ல அத்தகைய வழியில்லை. பிறகு 'ஃபோட்டோசிந்தசிஸ்' வரும்போது மீண்டும் தொடக்கத்திலிருந்தே கற்கவேண்டியுள்ளது. கருத்து ஒன்றே, பெயர்கள் மட்டும் தொடர்பற்று நிற்கின்றன. பெயர் புரியாமையைப் பாடம் புரியாமையாகக் கருதும் இடர்ப்பாடு இங்குதான் தோன்றுகிறது.

எனவே, எந்த வகுப்பில் எம்மொழி என்பதோடு வினா முடிவதில்லை. ஒருமொழியில் பெற்ற அறிவை மற்றொரு மொழிக்கு எவ்வாறு கொண்டுசெல்வது என்பதும் பாடத்திட்டத்தின் பொருளாதல் வேண்டும். பொதுச்சொற்களையும் வேற்றுச்சொற்களையும் பிரித்துக்காட்டும் மும்மொழிப் பாடச்சொல் அட்டவணைகளும், மொழிமாற்றம் நிகழும் வகுப்புகளுக்கான இணைப்புப் பாடங்களும் தேவை. இவற்றை ஆணையோ தீர்ப்போ ஆக்கித்தர இயலாது. அது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இணைந்து செய்யவேண்டிய பணியாகும்.