மடிப்புக்குள் ஒரு பரவளையம்

பத்தாம் வகுப்பு வரைபடத்தாளில் புள்ளி குறித்து இணைக்கிற பரவளையத்தை, பென்சிலே இல்லாமல் வரவழைக்கலாம். ஒரு தாள் போதும். அடி விளிம்புக்கு இரண்டு விரற்கடை மேலே, நடுவாக ஒரு புள்ளி வையுங்கள். விளிம்பின் ஏதாவது ஓரிடத்தைத் தூக்கி அந்தப் புள்ளியில் பொருத்தி, நகத்தால் அழுத்தி மடியுங்கள், பிரியுங்கள். கொஞ்சம் தள்ளி இன்னோரிடம். பத்து மடிப்பு வரை வெறும் கோடுகள்தான். இருபதைத் தாண்டும்போது அவற்றுக்கு நடுவே வளைவு எழுந்து வரும். யாரும் வரையவில்லை! ஒவ்வொரு மடிப்பும் அதற்குத் தொடுகோடு. புள்ளிதான் குவியம், விளிம்புதான் இயக்குவரை. இரண்டுக்கும் சம தூரம் என்ற வரையறையை மடித்த விரல்களே அறிந்துகொள்ளும்.

இதில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. காகித மடிப்பு வடிவியல் பற்றி டி. சுந்தர ராவ் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1893-ல் சென்னையில் அச்சானது. ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைக் குறிப்பிட்டு எழுதினார். 1901-ல் சிகாகோவிலும் பதிப்பானது. நம் கணித ஆசிரியர்கள் மேஜையில் அது இருக்க வேண்டாமா?

டிரேசிங் தாள் கிடைத்தால் நல்லது, புள்ளி மறுபக்கமும் தெரியும். தாளை வட்டமாக வெட்டி, மையத்தைத் தவிர்த்து உள்ளே புள்ளி வைத்து மடித்தால் நீள்வட்டம் வரும்.