ஒரே ஆண்டில் இரு மழைப் பாடல்கள்

பாடலில் இல்லாத ஒன்றைப் பாடலின்மேல் ஏற்றிப் பொருள் கூறும் வழக்கம் புதியதன்று. மேலைநாட்டு இசைப்பாடல்களை ஆராய்வோரும் இதற்கு விலக்கல்லர். அமெரிக்க நாட்டுப்பாடல் மரபினின்று கிளைத்து, 1960களில் ராக் இசையோடு கலந்து உலகெங்கும் பரவிய பாடல்களைப் பற்றி எழுதுவோர், ‘இது போரெதிர்ப்பு’, ‘இது சுற்றுச்சூழல்’ என முன்கூட்டியே பெயர்ச்சீட்டு ஒட்டிவிடுகின்றனர். ‘பாடுபொருள் யாது?’ என்னும் வினாவிற்கு ஒற்றைச் சொல்லில் விடையெழுதி அடுத்த வினாவுக்குத் தாவும் நம் மாணவரை இவர்கள் நினைவூட்டுகின்றனர். 1962இல் பிறந்த இரு பாடல்களைக் கொண்டு இதனை நோக்குவோம். இரண்டிலும் மழை பொழிகின்றது.

முதலாவது, பாப் டிலன் இயற்றிய ‘எ ஹார்ட் ரெயின்ஸ் எ-கானா ஃபால்’. இதில் வரும் கடுமழை அணுகுண்டின் நச்சுமழையே என்றும், கியூபா ஏவுகணை நெருக்கடி தந்த அச்சத்தில் இப்பாடல் பிறந்தது என்றும் பலர் எழுதியுள்ளனர். பொருத்தமான விளக்கமாகவே தோன்றும். ஆயின் காலக்கணக்கு இடங்கொடுக்கவில்லை. அதிபர் கென்னடி அந்நெருக்கடியை உலகுக்கு அறிவித்தது 1962 அக்டோபர் 22இல். டிலன் இப்பாடலை நியூயார்க் கார்னகி அரங்கில் பாடியதோ அதற்குச் சரியாக ஒரு திங்கள் முன்னர், செப்டம்பர் 22இல். மேலும், 1963இல் ஸ்டட்ஸ் டெர்க்கெலுடன் நிகழ்த்திய வானொலி உரையாடலில், இம்மழை அணுமழையன்று என டிலனே மறுத்துள்ளார்.

ஆசிரியர் மறுத்ததனால் ஆராய்ச்சி முடிந்துவிடுமோ? முடியாது. பாடலின் அமைப்பையன்றோ நாம் வினவவேண்டும்! ‘லார்ட் ராண்டல்’ என்னும் பழைய கதைப்பாடலில் தாய் வினவ மகன் விடையிறுக்கின்றான். காதலியிடம் நஞ்சுண்டு வந்த அவன் சாவை எதிர்நோக்குகின்றான். டிலன் அந்த வினாவிடை அமைப்பை எடுத்துக்கொண்டு, ஒருவன் உடலில் இருந்த நஞ்சை ஊர்களின் நீருக்குள் பரப்பிவிட்டார். இறந்த கடல்களும் சிறுவர் கையிற் படைக்கலங்களும் ஒரே பயணியின் கண்களுக்குப் படுகின்றன. இவற்றுள் எது போர், எது சூழல் எனப் பிரித்தெடுப்பது வீண் உழைப்பு. பழம்பாடலின் மகன் இறக்க வீடு திரும்பினான். டிலனின் மகனோ மழைக்கு முன் மீண்டும் புறப்படுகின்றான். இந்த மாற்றத்தை விளக்காத உரை, கியூபாவைப் பற்றி எவ்வளவு பேசினும் பயனில்லை.

இரண்டாவது, மால்வினா ரெய்னால்ட்ஸ் இயற்றிய ‘வாட் ஹேவ் தே டன் டு தி ரெயின்’. மிகச் சிறிய பாடல். மெல்லிய மழை, புல், ஒரு சிறுவன். வேறு பெரிதாக ஒன்றுமில்லை. குண்டு என்னும் சொல்லே இதில் இல்லை. ஆயினும் இது அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்துப் பிறந்தது என்பது வரலாறு. வானில் வெடித்த குண்டுகளின் ஸ்ட்ரான்சியம் 90 மழையோடு இறங்கிப் புல்லிற் படியும். புல்லை மேய்ந்த பசுவின் பாலில் கலக்கும். கால்சியத்தைப் போன்ற தன்மையுடையதாதலின் குழந்தையின் எலும்பில் தங்கிவிடும். எனவே புல்லும் சிறுவனும் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. கருப்பொருள் வழியே கருத்தை மறைத்துரைக்கும் நம் உள்ளுறையை அறிந்த மாணவனுக்கு இது எளிதில் விளங்கும்.

1963இல் மாஸ்கோவில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் ஆகிய மூன்றும் உடன்படிக்கை செய்து, தம் சோதனைகளை நிலத்தடிக்கு மாற்றின. அடுத்த ஆண்டே லிவர்பூலின் ‘தி சர்ச்சர்ஸ்’ குழுவினர் இதனை இனிமை ததும்பப் பாடினர்; இனிமை சற்று மிகை என்பேன். பின்வந்தோர் சோதனைகளை மறந்து, இதனை அமிலமழைப் பாடலாகக் கொண்டனர். அவ்வுரை முற்றும் தவறோ? புல் வாடுவதற்கு அது காரணம் காட்டும். சிறுவன் மறைவதற்குக் காட்டாது. பாடலின் ஓர் உறுப்பைக் கைவிட்டுத்தான் அவ்வுரை நிற்கமுடிகின்றது.

டிலனுக்கு 2016இல் நோபல் பரிசு வழங்கப்பட்ட விழாவில் பாட்டி ஸ்மித் பாடியதும் அக்கடுமழைப் பாடலையே. அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. எனினும் அதிலுள்ள காட்சிகளுள் இரண்டொன்றை நீக்கினாலும் பாடல் நின்றுவிடும். ரெய்னால்ட்ஸின் பாடலில் புல்லை நீக்கிப் பாருங்கள். நஞ்சு சிறுவனிடம் வந்துசேர வழியே இராது.