உள்சக்கரம் எழும்பும் நொடி

கோ-கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே தண்டில் இறுகப் பிணைந்தவை; வளைவில் ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் சுழல வழியில்லை. அதனால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு லேசாக எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் வண்டி திரும்ப அடம்பிடிக்கும். அதிகம் எழும்பினால் வேகம் வீணாகும். கார்ட்டின் அழகே இந்தக் குறையில்தான் இருக்கிறது. சக்கரம் எழும்பும் அந்த அளவை ஓட்டுபவர் உடம்பால் உணர்ந்தாக வேண்டும்.

பிரேசிலின் பந்தய வீரர் ஐர்டன் சென்னா அப்படித்தான் கற்றார்.

நான்கு வயதில், தந்தை மில்டன் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைப் பூட்டிச் செய்துகொடுத்த குட்டி வண்டி. 13 வயதில் இன்டர்லாகோஸில் முதல் பந்தயம். மழையில் ஒருமுறை சறுக்கித் தோற்றபின், எப்போது மழை பெய்தாலும் கார்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஈரத்தில் பிடிமானம் எங்கே கிடைக்கிறது என்று தேடித் தேடி ஓட்டினார்.

பலன் 1984 மொனாக்கோ ஃபார்முலா ஒன் பந்தயத்தில் தெரிந்தது. கொட்டும் மழை, வலுவில்லாத டோல்மன் கார், 13-ஆம் இடத்திலிருந்து தொடக்கம். பலரைக் கடந்து, முதலிடத்திலிருந்த அலென் புரோஸ்டை நெருங்கியபோது பந்தயம் நிறுத்தப்பட்டது, இரண்டாமிடம். அடுத்த ஆண்டு எஸ்தோரிலில், மழையிலேயே, லோட்டஸ் காரில் முதல் வெற்றி. உலகப் பட்டங்கள் 1988, 1990, 1991-ல் வந்தன.

கார்ட்டிங் உலகப் பட்டம் மட்டும் அவருக்கு வாய்க்கவே இல்லை. 1979, 1980 இரண்டிலும் இரண்டாமிடம்தான். ஆனாலும் 1993-ல், மிகவும் ரசித்து மோதிய போட்டியாளர் யார் என்று கேட்டபோது, ஃபார்முலா ஒன் வீரர் எவரையும் சொல்லாமல் கார்ட்டிங் நாட்களின் டெர்ரி ஃபுல்லர்டனைச் சொன்னார். அங்கே பணமும் அரசியலும் கலக்காத பந்தயம் இருந்தது என்பது அவர் சொன்ன காரணம்.