சுண்டிப் பார்க்க வேண்டிய கெர்னல்

விருத்தாசலத்தில் பீங்கான் வாங்க வருபவர் பொருளைப் பார்த்ததோடு நிற்கமாட்டார். விரலால் சுண்டிப் பார்ப்பார். கண்ணுக்குத் தப்பும் விரிசல் ஓசையில் அகப்பட்டுவிடும். லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்பவர்களிடம் இந்தப் பழக்கம் போதவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

புதிய கம்பைலரில் பழைய கெர்னல் பாதியில் நின்றுபோனால், பெரும்பாலோர் பழைய கம்பைலரைத் தேடிப்பிடித்து வேலையை முடித்துக்கொள்கிறார்கள். இதை அடியோடு தள்ள மாட்டேன். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பைச் சேர்ந்தவை. அக்கட்டமைப்பில் அடிப்படைத் தொகுதிக்குள் இருந்த சில கட்டளைகளை, 2022-இல் வந்த பின்யூட்டில்ஸ் 2.38 என்ற கருவித்தொகுப்பு தனி நீட்சிகளாகக் கணக்கிடத் தொடங்கியது. நேற்றுவரை கம்பைல் ஆன கெர்னல் மறுநாள் நின்றது. நிரலில் தவறில்லை, இலக்கணம்தான் மாறியது. திருத்தம் வந்துசேரும்வரை பழைய கருவியில் ஓட்டுவது நியாயமே.

எல்லாப் பிழையும் இப்படியல்ல. 2020-இல் வந்த ஜிசிசி 10 கம்பைலரில் பழைய கெர்னல்கள் ‘ஒய்ஒய்லாக்’ என்ற மாறி இரண்டு இடங்களில் வரையறுக்கப்பட்டிருப்பதாகச் சொல்லி நின்றன. அதுவரை அந்த இரண்டையும் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவந்த சலுகையை ஜிசிசி 10 இயல்பாகத் தருவதை நிறுத்திவிட்டது. தவறு நிரலில்தான் இருந்தது. உபரியான ஒரு வரியை நீக்கியதும் தீர்ந்தது. அந்த ஒரு வரிக்கு அஞ்சி, ஆண்டுக்கணக்காகப் பழைய கம்பைலரைக் கட்டி இழுப்பது சோம்பல்.

பழையது என்றால் பத்திரம் என்ற நம்பிக்கைதான் இந்த வழக்கத்தின் பெருங்குறை. ஆர்ம்64 கணினிகளில் எப்போதாவது எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் சரிபார்ப்புத் தொகை பொருந்தாமல் போனது. துருவிப் பார்த்தபோது குற்றவாளி ஜிசிசி 5.1-க்கு முந்தைய கம்பைலர். ஸ்டாக்கில் விடுவித்துவிட்ட இடத்தை அது உருவாக்கிய நிரல் பிறகும் படித்தது. இடையில் இன்டரப்ட் வந்தால் அங்கிருந்த மதிப்பு அழிந்துபோகும். கம்பைல் செய்தபோது ஒரு பிழைச்செய்திகூட இல்லை. 2021 ஜனவரியில் ஆர்ம்64-க்குக் குறைந்தபட்சத் தேவை ஜிசிசி 5.1 ஆக உயர்த்தப்பட்டது. கத்தி நிறுத்திய புதிய கம்பைலரைவிட, வாய்மூடித் தவறு செய்த பழையதே ஆபத்தானது.

மறுமுனைக்கு ஓடினாலும் பயனில்லை. 2021 செப்டம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எல்லா எச்சரிக்கைகளையும் இயல்பாகவே பிழையாக்கினார்; சில நாட்களிலேயே அந்த இயல்புநிலையைச் சோதனைக் கம்பைல்களோடு சுருக்க நேர்ந்தது. கம்பைலருக்குக் கம்பைலர் எச்சரிக்கை மாறும்போது, எல்லோருக்கும் ஒரே தண்டனை செல்லாது.

ஆகவே பழைய கம்பைலருக்குத் திரும்புங்கள், ஆனால் முதல் பிழைச்செய்தியை முழுதாகப் படித்து, தவறு நிரலிலா கருவியிலா என்று தீர்மானித்த பிறகு. கருவியின் பதிப்பையும் குறித்துவையுங்கள். மறந்துபோனால், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையே கேட்கலாம்: ‘ப்ராக்’ அடைவின் ‘வெர்ஷன்’ கோப்பில், தன்னை உருவாக்கிய கம்பைலரின் பெயரையும் பதிப்பையும் அது எழுதிவைத்திருக்கிறது.