ஊர் யாருக்குத் தாய்?

பிறந்த ஊரின் பெருமையைப் பேசாத எழுத்தாளரைக் காண்பது அரிது. ஆற்றங்கரையும் ஆலமரமும், தாமரைக் குளமும் தைத்திங்கள் அறுவடையும், திண்ணை வைத்த வீடும் திருவிழாக் கூட்டமும் வராத ஊர்க்கதை உண்டா? பட்டணத்துக்குப் பிழைக்கச் சென்றவன் பெருமூச்சு விடுகிறான். கடல் கடந்து சென்றவன் கண்ணீர் வடிக்கிறான். ஊர் தாயாகிறது, அவன் பிரிந்த சேயாகிறான். படிக்கிற நமக்கும் நெஞ்சு நெகிழ்கிறது. நெகிழட்டும், தவறில்லை! ஆனால் நெகிழ்ந்த நெஞ்சு ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும். அந்த ஊர் யாருக்குத் தாய்? எல்லார்க்குமா? அல்லது, தெருவுக்குள்ளே பிறந்தவர்க்குத் தாயாகவும், தெருவுக்கு வெளியே பிறந்தவர்க்கு மாற்றாந்தாயாகவும் இருந்ததா?

திறனாய்வு என்பது எழுதப்பட்ட சொல்லின் அழகை எடைபோடுவதோடு முடிந்துவிடுவதன்று. எழுதாமல் விடப்பட்டதையும் அது எடுத்துக் காட்ட வேண்டும். அந்த உரைகல்லில் ஊர்ப்பற்று இலக்கியத்தைச் சிறிது உரைத்துப் பார்ப்போம்.

முதலில் நம் முன்னோரிடம் செல்வோம். புறநானூற்றில் 191-ஆம் பாட்டும் 192-ஆம் பாட்டும் அண்டை வீட்டார் போல அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது பிசிராந்தையார் பாடியது. பின்னது கணியன் பூங்குன்றனார் பாடியது. இருவர் பெயரிலும் ஊர் இருக்கிறது. ஒருவர் பிசிர் என்னும் ஊரைச் சூடிக்கொண்டவர். மற்றவர் பூங்குன்றத்தைச் சூடிக்கொண்டவர்.

ஆண்டுகள் பல கடந்தும் உமக்கு நரை தோன்றாதது எப்படி என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் விடை தருகிறார். மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர் தம் எண்ணம் அறிந்து நடப்பவர்கள், மன்னன் முறை தவறாமல் காப்பவன். இவற்றுக்கெல்லாம் மேலாக, தாம் வாழும் ஊரில் அடக்கமும் நற்கொள்கையும் கொண்ட சான்றோர் பலர் உள்ளனர் என்கிறார். ஊன்றிப் பாருங்கள்! ஆற்றைச் சொல்லவில்லை, சோலையைச் சொல்லவில்லை, மாடத்தையும் கூடத்தையும் சொல்லவில்லை. ஊரின் சிறப்பு மண்ணில் இல்லை, மனிதர் நடத்தையில் இருக்கிறது என்பது அவர் கண்ட கணக்கு. பிறந்த ஊர் என்றுகூட அவர் சொல்லவில்லை. வாழும் ஊர் என்றே சொல்கிறார். அப்படிப்பட்ட ஊரையும் விட்டுவிட்டு, பாண்டிநாட்டுப் புலவராகிய அவர் சோழநாடு சென்று, வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனோடு தாமும் வடக்கிருந்து உயிர் துறந்தார். ஊர்ப்பற்று அவர் காலுக்குத் தளையாகவில்லை. நட்பு அழைத்தது, நடந்தார்.

பாராட்டுவது போலவே கேட்கவும் வேண்டும். நரையில்லா வாழ்வு பெற்றவர் பிசிராந்தையார்; அவர் எண்ணம் அறிந்து ஏவல் செய்தவர்களுக்கு நரை இருந்ததா, இல்லையா? பாட்டில் விடையில்லை. ஊரைப் பற்றி நமக்குக் கிடைத்த பாட்டுகளில் பெரும்பாலும் ஏவியவர் குரலே கேட்கிறது. ஏவப்பட்டவர் குரல் கேட்பதில்லை. இந்தக் குறை அன்று தொடங்கியது. இன்றும் முற்றத் தீரவில்லை.

அடுத்த பாட்டு கணியன் பூங்குன்றனாருடையது. எல்லா ஊரும் நமதே, எல்லா மக்களும் நம் உறவே என்னும் அதன் தொடக்கத்தை முழங்காத மேடை இல்லை. ஆனால் அதன் முடிவை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? பெரியோரைக் கண்டு வியப்பதும் இல்லை. சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று முடிகிறது பாட்டு. தொடக்கம் வெறும் விருப்பமாக இருந்துவிடாமல் காப்பது இந்த முடிவுதான். சிறியோர் என்று எவரும் இகழப்படாத இடமே எல்லார்க்கும் ஊராக முடியும். முதலடியை ஊருக்கு உரைத்துவிட்டு ஈற்றடியை வீட்டுக்குள் பூட்டி வைத்தால், அது பூங்குன்றனாருக்குச் செய்யும் பெருமையாகாது.

இனி ஆங்கில இலக்கியத்தின் பக்கம் சிறிது திரும்புவோம். இதே வழக்கு அங்கேயும் நடந்திருக்கிறது. 1770-இல் ஆலிவர் கோல்டுஸ்மித் 'பாழடைந்த சிற்றூர்' என்னும் நெடும்பாட்டை வெளியிட்டார். ஆபர்ன் என்ற இனிய சிற்றூர். அங்கே அன்புள்ள பாதிரியார், கண்டிப்பான பள்ளி ஆசிரியர், மாலையில் மக்கள் கூடிக் களிக்கும் இடம். செல்வன் ஒருவன் தன் பூங்காவுக்கும் ஏரிக்கும் குதிரைகளுக்கும் இடம் வேண்டி நிலத்தை வளைத்துக்கொள்கிறான். உழவர் வெளியேறி, அமெரிக்கக் கரைக்குக் கப்பல் ஏறுகின்றனர். அலைந்து களைத்தபின் அந்த ஊருக்கே திரும்பி அங்கே கண்மூட வேண்டும் என்பது கவிஞரின் கனவு. நிலத்தைப் பறித்தவனை நோக்கி அவர் விரல் நீட்டுகிறார். அந்தத் துணிவைப் போற்றுகிறோம். ஆனால் பறிபோகும் முன்பு அந்த ஊர் அத்தனை இன்பமாகவா இருந்தது?

இருந்ததில்லை என்று 13 ஆண்டுகள் கழித்து விடை வந்தது. 1783-இல் ஜார்ஜ் கிராப் 'சிற்றூர்' என்னும் பாட்டை எழுதினார். ஆல்ட்பரோ என்ற வறண்ட கடற்கரை ஊரில் பிறந்தவர் அவர். மருத்துவத் தொழில் பழகியவர். ஏழைகளின் குடிசைக்குள் நுழைந்து பார்த்தவர். களை மண்டிய வயலையும், வெயிலில் வதங்கும் உழவனையும், ஆதரவற்றோர் விடுதியில் நோயோடு கிடக்கும் முதியவர்களையும் அவர் காட்டினார். உண்ண உணவில்லாதவன் குடிசைக்குக் கவிஞர்கள் மாலை சூட்டி என்ன பயன் என்பது அவருடைய கேள்வி. கோல்டுஸ்மித் ஊரை நினைத்தார். கிராப் ஊரைப் பார்த்தார். நினைவு இனிக்கும், பார்வை சுடும். இலக்கியத்துக்கு இரண்டும் வேண்டும். ஆனால் பார்வையை விலக்கி வைத்த நினைவு, பொய்க்குப் பட்டுக் குஞ்சம் கட்டுவதாகவே முடியும்.

நம் நாட்டில் அந்தக் குஞ்சத்தை அறுத்தெறிந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, சிற்றூரைப் புகழ்ந்து கொண்டிருந்தவர்கள் திடுக்கிட, அது குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புணர்வும் குடிகொண்ட இடமல்லவா என்று கேட்டார். ஊரின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழக்கறிஞராக நின்று கேட்ட கேள்வி அது.

தமிழ்ச் சிறுகதையில் இந்தக் கேள்வியை நெஞ்சில் தைக்கச் சொன்னவர் புதுமைப்பித்தன். 1935-இல் மணிக்கொடியில் வந்த 'துன்பக் கேணி' என்னும் கதையில், திருநெல்வேலிச் சீமையின் சிற்றூரிலிருந்து மருதி என்ற ஏழைப் பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். தோட்டத்தின் கொடுமையை ஆசிரியர் மறைக்கவில்லை. அதற்காக ஊரைப் பொன்னுலகாகவும் தோட்டத்தை நரகமாகவும் பிரித்து வைத்து, மலிவான கண்ணீரைப் பெறவும் முயலவில்லை. அவர் சிறப்பு அங்கேதான் இருக்கிறது. ஊர் அவளை வாழவைத்திருந்தால் அவள் ஏன் கடல் தாண்டப் போகிறாள்? கங்காணி தூண்டில் போட்டான், உண்மை. அந்தத் தூண்டிலுக்குப் பசியைத் தந்தது எது? ஊரல்லவா!

மருதியைப் போலச் சென்றவர்களின் வழித்தோன்றல்களுக்கு நேர்ந்ததையும் இங்கே நினைக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிற்று. 1964-இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்றனர். 1974-இல் அந்த எச்சத்தையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. சந்தையில் ஆட்டைப் பிரிப்பது போல மக்களைப் பிரித்தார்கள்!

இங்கே வந்து இறங்கியவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். இனிய பெயர்தான்! ஆனால் அவர்களில் பலர் பிறந்தது இலங்கை மலையில். தமிழ்நாட்டை அதற்குமுன் கண்ணால் கண்டதில்லை. காணாத ஊருக்குத் திரும்புவது எப்படி? அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968 முதல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. தேயிலையை விட்டு வந்த கைகளில் ஒரு பகுதி மீண்டும் தேயிலையையே கிள்ளிற்று. அங்கே இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே சிலோன்காரர் என்றார்கள். ஊர் என்பது பிறந்த மண்ணா, பாட்டன் பிறந்த மண்ணா, உழைத்த மண்ணா? ஊர்ப்பற்றைப் பாடுகிறவர்கள் இந்த மூன்றையும் ஒன்றென்று எண்ணிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டன. அது அவர்களின் நற்பேறு. எல்லார்க்கும் அது வாய்ப்பதில்லை.

இந்த வழக்கில் ஏவப்பட்டவர் தரப்பிலிருந்து எழுந்து வந்த நூல், பாமாவின் 'கருக்கு'. 1992-இல் வெளிவந்த அந்தத் தன்வரலாறு ஊரைப் பழித்துக்கொண்டு தொடங்கவில்லை. மலை, குளம், வயல் என்று ஊரின் அழகைச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஆனால் அடுத்த அடியில் தெருக்கள் வருகின்றன. அஞ்சலகமும், பஞ்சாயத்து அலுவலகமும், பால் விற்கும் இடமும், பெரிய கடைகளும், தேவாலயமும், பள்ளிகளும் எல்லாம் மேல்சாதியார் பக்கத்தில். மதம் மாறியது, தெரு மாறவில்லை! முதியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கைபடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைக் கண்டு சிறுமி வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்கிறாள். அதன் காரணத்தை அண்ணன் எடுத்துரைத்தபோது சிரிப்பு நின்றுவிடுகிறது. ஊர் அழகுதான், அந்த அழகின் நடுவே ஒரு குழந்தைக்குக் கிடைத்த பாடம் இது.

அவர் படித்தார், ஆசிரியரானார், ஏழைக் குழந்தைகளுக்குத் தொண்டாற்ற எண்ணிக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார், அங்கும் ஏற்றத்தாழ்வைக் கண்டு வெளியேறினார், ஊருக்குத் திரும்பினார். கருக்கு என்பது பனைமட்டையின் இருபக்கமும் அறுக்கும் பல். போவதும் அறுத்தது, திரும்புவதும் அறுத்தது. இருந்தும் அவர் தம் மக்களின் உழைப்பை, விளையாட்டை, பேச்சை எத்தனை அன்போடு எழுதுகிறார்! ஊரின் அநீதியைச் சொல்வதனால் ஊர்மீது அன்பு குறைந்துவிடாது என்பதற்கு இந்நூலைவிடச் சான்று வேண்டியதில்லை. அநீதியைச் சொல்லத் துணிந்த அன்புதான் முழுமையான அன்பு.

மாணவரின் கட்டுரை ஏடுகளைத் திருத்துவது என் தொழில். 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தால் போதும்; எங்கள் ஊர் இயற்கை வளம் மிக்கது, மக்கள் ஒற்றுமையாக வாழ்கின்றனர் என்று எல்லா ஏடும் ஒரே பாட்டைப் பாடும். கட்டுரை நூல் கற்றுக்கொடுத்த பாட்டு அது. குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளையும் அதையே எழுதுகிறது. நாமும் சிவப்பு மையால் சரியென்று குறியிட்டு மதிப்பெண் போடுகிறோம். எது சரி? அந்தப் பிள்ளையின் தாத்தா எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார், எந்தத் தேநீர்க் கடையில் அவருக்குத் தனிக் குவளை வைத்தார்கள் என்பது ஏட்டில் ஏறுவதில்லை. தன் ஊரைப் பற்றிப் பொய் எழுதப் பழகிய பிள்ளை, நாளை நாட்டைப் பற்றி உண்மை எழுதுமா? பள்ளியறையில் நாம் வளர்க்கும் இந்தப் பழக்கந்தான், பின்னாளில் இதழ்களில் ஊர்ப்பெருமைக் கட்டுரையாகப் பூத்துக் குலுங்குகிறது.

அந்தப் பிள்ளை படித்து முடித்து வெளியூருக்குப் புறப்படும் நாளில் நம்மவர் சிலர் கேட்கிறார்கள்: பெற்ற ஊரை விட்டுப் போகலாமா, மண்பற்று இல்லையா? போகலாம், தாராளமாகப் போகலாம்! பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சாதி கேட்காமல் அமரும் நகரம் அந்தப் பிள்ளைக்குக் காற்றைப் போன்றது. நகரத்திலும் வாடகைக்கு வீடு கேட்கும்போது வேறு வழியாகச் சாதியை விசாரிக்கிறார்கள் என்பது உண்மையே. ஆகவே நகரத்தையும் நாம் பொன்னுலகாக்க வேண்டியதில்லை. ஊரோ நகரமோ, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அங்கே நிமிர்ந்து நடக்க முடிகிறதா?

வசதியாக வெளியேறி, ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்கு வண்டியில் வந்து, ஊர் மாறிவிட்டதே என்று வருந்தும் நண்பர்களுக்கும் ஒரு சொல். ஓட்டுவீடு போயிற்று, திண்ணை போயிற்று, குளக்கரை மரம் போயிற்று என்று பட்டியல் போடுகிறீர்கள். அதே பட்டியலில், போகவேண்டியது எது போயிற்று, எது இன்னும் போகவில்லை என்பதையும் எழுதுங்கள். இடுகாட்டுக்குப் பாதை எல்லார்க்கும் ஒன்றாயிற்றா? தேர் எல்லாத் தெருவுக்கும் வருகிறதா? உங்கள் நினைவு பழுதாகாமல் இருப்பதற்காக ஊர் பழமையிலேயே கிடக்கவேண்டும் என்று கேட்பது அன்பன்று, தன்னலம்.

ஊர்ப்பற்றை நாம் ஒழிக்கச் சொல்லவில்லை. அதற்கு ஒரு தகுதி வேண்டும் என்கிறோம். சான்றோர் வாழ்வதால் ஊர் சிறக்கிறது என்றார் பிசிராந்தையார்; சிறியோரை இகழாதவனுக்கே எல்லா ஊரும் ஊராகும் என்று காட்டினார் பூங்குன்றனார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் இளைஞனே, எழுத வா! உன் ஊரின் ஆற்றை எழுது. அதில் யார் எந்தத் துறையில் நீர் மொண்டார்கள் என்பதையும் எழுது. உன் ஊரின் தேரை எழுது. அது எந்த மூலையில் திரும்பிவிட்டது என்பதையும் எழுது. போகிறவனுக்கு வழி திறந்திருக்கட்டும். திரும்புகிறவனுக்கு வாசல் திறந்திருக்கட்டும். எந்தத் தெருவில் பிறந்த பிள்ளையும் எந்தத் தெரு வழியாகவும் தலை நிமிர்ந்து தன் வீட்டுக்குத் திரும்பும் நாளில், ஊரைத் தாய் என்று பாடுவோம். அதுவரை, தாயாகு என்று அதனிடம் கேட்டுக்கொண்டே இருப்போம்!