எம்.எட். யாருக்கு?

என் எம்.எட். ஆய்வேடு பச்சை காலிகோ அட்டையில், தங்க எழுத்துகளோடு இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கணிதப் பாடத்தின் மீது உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்கு உள்ள மனப்பான்மை பற்றியது. 300 பிள்ளைகளிடம் வினாத்தாள் கொடுத்தேன். ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்பதிலிருந்து ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள். பிள்ளைகள் டிக் அடித்தார்கள். ஆண், பெண் என்று பிரித்தேன். ஊரகம், நகரம் என்று பிரித்தேன். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்று பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் ‘டி’ சோதனை. இருபாலரிடையே 0.05 நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று முடிவு எழுதினேன். வாய்மொழித் தேர்வு பத்து நிமிடத்தில் முடிந்தது. தேர்வாளர் கேட்ட ஒரே கேள்வி, மாதிரியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது.

அதே ஆண்டு என் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி 52-இலிருந்து 38-ஐக் கழித்து 26 என்று எழுதிக்கொண்டிருந்தாள். 70-இலிருந்து 46-ஐக் கழித்தால் அவளுக்கு 36. சிவப்பு மையால் அடித்து அடித்து நோட்டு முழுக்கச் சிவந்திருந்தது. கவனக்குறைவு என்று நானும் எழுதினேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார வைத்து, “வாயால சொல்லிக்கிட்டே போடும்மா” என்றேன். “ரெண்டுல எட்டு போகாது டீச்சர். சின்னதுல பெருசு போகாது. அதனால எட்டுல ரெண்டு போனா ஆறு” என்றாள். முதல் வகுப்பில் யாரோ சொல்லிக்கொடுத்த விதியை அட்சரம் பிசகாமல் ஐந்து வருடமாகக் கடைப்பிடித்து வந்திருக்கிறாள். தவறு அவள் கவனத்தில் இல்லை. ‘சின்னதில் பெரியது போகாது’ என்று நாங்கள் சொன்ன அரைகுறை வாக்கியத்தில் இருந்தது.

அப்போது நான் படித்துக்கொண்டிருந்த பட்டத்தில், ஏழு தாள்களில் ஒன்றில்கூட, இந்தத் தவறைப் பற்றி ஒரு வரி இல்லை. பணியிலிருக்கும் ஆசிரியருக்கு முதுகலைக் கல்வி என்ன செய்கிறது என்ற கேள்வி எனக்கு அந்த நோட்டிலிருந்துதான் தொடங்கியது.

பட்டத்தை அதன் சொந்த வாக்கை வைத்தே முதலில் எடைபோட வேண்டும். எம்.எட். யாருக்காக என்பதைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிமுறைகள் ஒளிக்கவில்லை. ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரி ஆசிரியர்கள், பாடத்திட்ட வல்லுநர்கள், கல்வி நிர்வாகிகள் ஆகியோருக்கான படிப்பு அது. பள்ளி ஆசிரியரின் கற்பித்தலை மேம்படுத்துவது அதன் முதல் நோக்கமாக இருந்ததில்லை. ஆனால் தமிழ்நாட்டில் பல்லாண்டுகளாக அதைப் படித்தவர்களில் கணிசமானோர் பள்ளி ஆசிரியர்கள்தான். காரணம் ஊக்க ஊதியம். முதுகலை ஆசிரியர் எம்.எட். முடித்தால் ஓர் ஊக்க ஊதியம், அதற்கு மேல் எம்.ஃபில். அல்லது முனைவர் பட்டம் பெற்றால் இன்னொன்று; பணிக்காலம் முழுவதற்கும் இரண்டோடு சரி. ஆசிரியர் அறையில் அதற்கு ‘இன்சென்டிவ்’ என்றுதான் பெயர். “முதல் இன்சென்டிவ் வாங்கியாச்சா?” என்ற கேள்வி அங்கே சாதாரணமாக இருந்தது. “எம்.எட்.ல என்ன படிச்சீங்க?” என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

இதற்காக ஆசிரியர்களைக் குறைசொல்வது அநியாயம். கடன் வாங்கி, விடுமுறைகளைத் தொடர்பு வகுப்புக்குக் கொடுத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இரவு பதினொன்றுக்குப் படித்தவர்கள் அவர்கள். அரசு எதற்குக் காசு கொடுத்ததோ அதை அவர்கள் படித்தார்கள்.

2020 மார்ச் 10 அன்று தமிழக அரசு, உயர்கல்வித் தகுதிக்கான இந்த முன் ஊதிய உயர்வுகளை ரத்து செய்தது. சங்கங்கள் கொதித்தன. அந்த ஆணையில் பாதி நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் டான் கோல்ட்ஹேபரும் டொமினிக் பிரூவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், கணித ஆசிரியருக்குக் கணிதத்திலேயே முதுகலைப் பட்டம் இருந்தபோது மாணவர் மதிப்பெண் உயர்ந்தது. பாடத்தோடு தொடர்பில்லாத பொதுவான முதுகலைப் பட்டத்தால் அப்படி ஒரு பலன் தெரியவில்லை. வட கரோலினா மாநிலத்தின் பள்ளித் தரவுகளைச் சலித்த குளோட்ஃபெல்டர், லாட், விக்டார் மூவரும் ஏறத்தாழ இதே இடத்துக்குத்தான் வந்தார்கள். அந்த மாநிலம் 2013-இல் முதுகலைப் பட்டத்துக்கான கூடுதல் சம்பளத்தை நிறுத்தியது.

மீதிப் பாதி அநியாயம் என்பேன். பயனில்லாத பட்டத்துக்குக் கொடுத்த பணத்தை நிறுத்திய அரசு, பயனுள்ள படிப்பு எது என்று தேடி அந்தப் பணத்தை அங்கே திருப்பவில்லை. படித்தாலும் படிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்ற செய்தி மட்டும் ஆசிரியர் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. நம் பக்கத்து மாநிலத்தில் கிடைத்த ஒரு சான்றை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஆந்திராவின் ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. சாதாரணப் பள்ளிகளில் ஆசிரியரின் கல்வித் தகுதிக்கும் பயிற்சிக்கும் மாணவர் முன்னேற்றத்துக்கும் பெரிய தொடர்பில்லை. மாணவர் முன்னேற்றத்துக்கு ஏற்ப ஊக்கத்தொகை கொடுத்த பள்ளிகளிலோ, கூடுதலாகப் படித்த, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் கூடுதலாகச் சாதித்தார்கள். மதிப்பெண்ணுக்குக் காசு கொடுக்கும் முறையை நான் ஆதரிக்கவில்லை; அது வேறு கேடுகளைக் கொண்டுவரும். ஆனால் அந்த முடிவு சொல்லும் சேதி முக்கியமானது. படிப்பு ஆசிரியருக்குள் இருக்கிறது. அதை வகுப்பில் எடுத்துப் பயன்படுத்த ஒரு காரணமும் ஒரு சூழலும் இல்லாததால் அப்படியே கிடக்கிறது.

பின்லாந்தில் எல்லா ஆசிரியரும் முதுகலை படித்தவர்கள், அதனால்தான் அங்கே கல்வி சிறக்கிறது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். உண்மைதான், 1970-களின் கடைசியிலிருந்து அங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் கட்டாயம். ஆனால் அது வேலைக்கு வருவதற்கு முன் படிப்பது. பல்கலைக்கழகத்தோடு ஒட்டிய பயிற்சிப் பள்ளிகளில், அனுபவமுள்ள ஆசிரியரின் கண் முன்னால் பாடம் நடத்தி நடத்திப் படிப்பது. பட்டத்தின் பெயரை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்து, அந்தப் பயிற்சிப் பள்ளியை அங்கேயே விட்டுவிட்டால் நமக்குக் கிடைப்பது பச்சை காலிகோ அட்டைதான்.

அப்படியானால் பட்டம் வேண்டாம், குறுகிய காலப் பயிற்சி போதுமா? தேசியக் கல்விக் கொள்கை 2020 ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தொழில்முறை வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதற்கு முந்தைய ஆண்டே நிஷ்தா பயிற்சித் திட்டம் 42 லட்சம் ஆசிரியர்களைக் குறிவைத்துத் தொடங்கியது. கொரோனா காலத்தில் திக்‌ஷா இணையத் தளத்துக்கு மாறியது. காணொளி, அதன் முடிவில் வினாடி வினா, சான்றிதழ். நானும் பல தொகுதிகளை முடித்திருக்கிறேன். சிலவற்றின் உள்ளடக்கம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் நான் மறுநாள் வகுப்பில் என்ன மாற்றினேன் என்று பார்க்க ஒருவரும் வரவில்லை. சீனாவில் தேசிய ஆசிரியர் பயிற்சித் திட்டத்தைக் கட்டுப்பாட்டுக் குழுக்கள் வைத்துச் சோதித்த ஆய்வொன்று 2019-இல் வெளிவந்தது. மாணவர் கணிதத் திறனில் எந்த மாற்றமும் இல்லை. பாடம் கோட்பாடாகவும் மனப்பாடமாகவும் நடந்ததை ஆய்வாளர்கள் ஒரு காரணமாகக் காட்டுகிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் நடந்த சோதனை இதைவிடத் தெளிவானது. ஒரே பாடக் குறிப்புகள், ஒரே வாசிப்புப் புத்தகங்கள். 50 பள்ளிகளின் ஆசிரியர்களை ஓரிடத்துக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு 50 பள்ளிகளுக்கு, பயிற்றுநர் ஒருவர் வகுப்பறைக்கே வந்துபோனார். 80 பள்ளிகள் ஒப்பீட்டுக்கு. வகுப்புக்கு ஆள் வந்த பள்ளிகளில் பிள்ளைகளின் வாசிப்பு, பயிற்சி மட்டும் பெற்ற பள்ளிகளைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு முன்னேறியது. செலவும் கூடுதல்தான். அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்த பிறகும் வகுப்பறை வழிகாட்டலே லாபம் என்று ஆய்வாளர்களின் கணக்கு சொல்கிறது. மேத்யூ கிராஃப்டும் சக ஆய்வாளர்களும் 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் எழுதிய கட்டுரையும் வழிகாட்டலின் பக்கமே சாய்கிறது. ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் சுருங்குகிறது என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு.

நம்மிடம் அந்த ஆள் இல்லாமல் இல்லை. வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர் என்ற பதவியே இருக்கிறது. 1986 கொள்கைக்குப் பின் வந்த மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களும் இருக்கின்றன. பயிற்றுநர் பள்ளிக்கு வருகிறார். வந்ததும் எமிஸ் என்னும் பள்ளித் தகவல் தளத்தின் பதிவைக் கேட்கிறார், புள்ளிவிவரம் கேட்கிறார், படம் எடுக்கிறார். அந்தச் சிறுமியின் கழித்தல் கணக்கருகே உட்கார அவருக்கு நேரம் தரப்படவில்லை. இது அவர் பிழையல்ல.

இத்தோடு நிறுத்தியிருந்தால் தீர்ப்பு எளிது: எம்.எட்.டை மூடு, பயிற்றுநரை அனுப்பு. என்னால் அப்படி எழுத முடியவில்லை. தென்னாப்பிரிக்காவில் வெற்றிபெற்ற வழிகாட்டல், நாள்வாரியாக எழுதப்பட்ட பாடக் குறிப்பைப் பின்பற்ற உதவியது. நம் எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் 2022 முதல் ஆசிரியர் கையேடு அப்படித்தான் வழிநடத்துகிறது. தொடக்க நிலையில் அதற்குப் பலன் உண்டு. ஆனால் கையேட்டில் ‘சின்னதில் பெரியது போகாது’ என்று ஒரு வரி இருந்துவிட்டால், அதைத் தவறு என்று சொல்லும் துணிவும் அறிவும் ஆசிரியருக்கு எங்கிருந்து வரும்? ஒரு பாடத்தை அறிவதும் அதைக் குழந்தைக்குப் புரியும்படி அறிவதும் வேறு வேறு அறிவு என்று லீ ஷுல்மன் 1986-இல் எழுதியதை நான் எம்.எட்.டில்தான், நூலகத்தில், பாடத்திட்டத்துக்கு வெளியே தற்செயலாகப் படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து “வாயால சொல்லு” என்று கேட்கத் தோன்றியது அந்த வாசிப்பினால்தான் என்று இன்றும் நம்புகிறேன். அந்தப் பட்டத்துக்கு நான் பட்டிருக்கும் கடன் அது ஒன்றுதான். ஆனால் அது சிறிய கடனல்ல. கேள்வி கேட்கும் உரிமையை ஆசிரியருக்குக் கொடுப்பது நீண்ட, ஆழ்ந்த படிப்பு. ஐந்து நாள் பயிற்சியால் அதைத் தர முடியாது.

அதனால் என் தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டும். பணியிலிருக்கும் ஆசிரியருக்கான கல்வி என்ற அளவில் இன்றைய எம்.எட். தேறவில்லை. ஆனால் அந்த இடத்தில் ஒரு முதுகலைப் படிப்பு கட்டாயம் வேண்டும். குழுமத்தின் 2014 விதிமுறைகள் படிப்பை ஓராண்டிலிருந்து ஈராண்டாக்கின, தொலைநிலை எம்.எட். பட்டியலிலேயே இல்லை. தரத்தைக் கூட்டும் எண்ணம் நல்லதுதான். ஆனால் இரண்டு வருடம் சம்பளத்தை விட்டு எந்தப் பள்ளி ஆசிரியர் படிப்பார்? கடைசியில் வகுப்பறையைப் பார்த்தேயிராத இளைஞர்கள் படித்து, அடுத்த தலைமுறை ஆசிரியர்களுக்குக் கற்பிக்கப் போனார்கள். 2025-இல் குழுமம் வெளியிட்ட வரைவில் ஓராண்டு முழுநேர எம்.எட்.டோடு, பணியில் இருப்போருக்கு ஈராண்டுப் பகுதிநேர எம்.எட்.டும் இடம்பெற்றது. அது சரியான கதவு. அதற்குள் பழைய தாள்களையும் பழைய ‘டி’ சோதனையையும் வைத்துவிட்டால் திறந்ததில் பயனில்லை.

அந்தப் பகுதிநேரப் படிப்பை இப்படி வைப்பேன். ஆய்வுக்களம் ஆசிரியரின் சொந்த வகுப்பு. பாதித் தாள்களாவது அவர் நடத்தும் பாடத்தைப் பற்றியவை: பின்னத்தைப் பிள்ளைகள் எங்கே தவறவிடுகிறார்கள், ஒளிச்சேர்க்கையை எப்படித் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், ‘ல, ள, ழ’ குழப்பம் எழுத்தில் எப்படி வருகிறது. வழிகாட்டி கல்லூரியில் உட்கார்ந்திருக்காமல் பருவத்துக்கு நான்கு முறையாவது வகுப்புக்கு வர வேண்டும். பயிற்றுநரின் புள்ளிவிவர வேலையைக் குறைத்தால் அவரே வரலாம். இதை முடிப்பவருக்கு ஊக்க ஊதியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், முழுதாக.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளரின் மேசையில் அச்சிட்ட ஆய்வேட்டோடு நான்கு பிள்ளைகளின் கணக்கு நோட்டும் இருக்கட்டும். ஜூன் மாதத்துப் பக்கத்தையும் மார்ச் மாதத்துப் பக்கத்தையும் திறந்து, இந்தப் பிள்ளை இங்கே ஏன் 26 என்று எழுதினாள், நீங்கள் அவளிடம் என்ன கேட்டீர்கள் என்று ஆசிரியரிடம் கேட்கட்டும்.